அந்த 'ம்' இருக்கட்டும்

நீங்கள் அனுப்பிய பட்டியல் வந்து சேர்ந்தது. பழைய கதைக் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, செல்போனில் கேட்கும்படி செய்யப் போகிறீர்கள். அதற்கு முன்னால் அழிக்க வேண்டிய வெளிச் சத்தங்கள் என்று நாற்பது இடங்களைக் குறித்திருக்கிறீர்கள். நாய் குரைப்பது, லாரி ஹாரன், நாற்காலி முனகுவது, வாசிப்பவர் தண்ணீர் குடிப்பது. நன்றாகவே கேட்டிருக்கிறீர்கள். முப்பத்தொன்பதுக்கு என் சம்மதம் உண்டு.

ஒன்றுக்கு இல்லை. மலைக்கோட்டை முற்றுகைக் கதை, ஏழாவது கேசட், இரண்டாம் பக்கம். "இடையில் ஒரு பெண் குரல் 'ம்' என்கிறது, நீக்கவும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண் நான்தான். நீக்கக் கூடாது.

நேரில் வந்து நாலு வார்த்தை பேசும்படியும் கேட்டிருக்கிறீர்கள். நாலு பேர் எதிரில் எனக்கு நாக்கு எழும்பாது. ஐம்பத்து மூன்று வயதில் இனி அது மாறப் போவதும் இல்லை. இடது காது மந்தமானதும், கேசட்டுகளைக் கேட்டுச் சரிபார்க்கும் வேலையை விட்டவள் நான். கை நன்றாகத்தான் இருக்கிறது, எழுதித் தருகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவளின் பேச்சை எதற்குக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் இத்தோடு தாளை மடித்து வைத்துவிடலாம். வருத்தப்பட மாட்டேன். அந்த 'ம்'-மை மட்டும் தொடாதீர்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது ஒரு போஸ்ட் கார்டால். தொண்ணூற்றெட்டாம் வருஷம். கொல்லிமலையில், ஆலத்தூர் நாடு என்று சொல்லும் ஊர்க்கூட்டத்தில் எங்கள் வீடு. அண்ணன் வாங்கி வைத்திருந்த டேப் ரிக்கார்டரில் கதை கேட்டுக்கொண்டே மிளகு உதிர்ப்பேன். கதைகள் சேந்தமங்கலத்திலிருந்து வந்தன. அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கேசட் கடை வைத்திருந்த பாய், லாரி டிரைவர்களுக்காகக் கதைக் கேசட் போட ஆரம்பித்திருந்தார். நாமக்கல் பக்கத்து லாரிகள் வடக்கே போய்த் திரும்பப் பத்து நாள், பதினைந்து நாள் ஆகும். ஒரே பாட்டை எத்தனை தடவை கேட்பது? அதனால் ராஜாக்களின் சரித்திரக் கதைகள், ஏழு கடல் தாண்டும் மாயக் கதைகள் என்று பத்துப் பன்னிரண்டு கேசட்டுகளைக் கட்டாகக் கட்டி விற்றார்.

அதில் ஒரு கட்டைக் கேட்டுவிட்டு, அட்டையில் இருந்த விலாசத்துக்கு எழுதினேன்: "ஐயா, மூன்றாவது கேசட்டில் செத்துப்போன சேனாதிபதி ஐந்தாவது கேசட்டில் இருமுகிறார். வாசிப்பவர் இரண்டு கிழவர்களுக்கு ஒரே இருமலைக் கொடுத்துவிட்டார். நான் அரை மணி நேரம் ஆவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்." இன்னும் பதின்மூன்று தவறுகளை நுணுக்கி எழுதினேன். கார்டில் இடம் முடிந்ததால் நிறுத்தினேன்.

பத்து நாள் கழித்து பஸ் கண்டக்டர் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஒரு புத்தகம், இன்னும் விற்பனைக்கு வராத கேசட்டுகள், பாயின் சீட்டு. "விற்ற பிறகு சொன்னதை இனி விற்கும் முன்பே சொல்லவும்." அவ்வளவுதான் என் பணி நியமனம்.

வேலை இப்படி. பை மலைக்கு வரும். டேப் ரிக்கார்டரில் ஓடும் எண்ணைப் பார்த்து, எந்த எண்ணில் என்ன தவறு என்று கேட்புச் சீட்டில் எழுதுவேன். சீட்டில் 'தவறு' என்று ஒரு கட்டம், 'வெளிச் சத்தம்' என்று ஒரு கட்டம், கீழே கையெழுத்து. என் கையெழுத்து இல்லாமல் எந்தக் கேசட்டும் பிரதி எடுக்கப் போகக் கூடாது என்பது பாயே போட்ட விதி. அட்டையில் 'கேட்டுச் சரிபார்த்தவர்' என்று என் பெயரை அச்சடித்தார். பெயரைப் பார்த்த அன்று வெட்கத்தில் அட்டையைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். பிறகு நிமிர்த்தி வைத்தேன்.

எனக்கென்று சில அபிப்பிராயங்கள் உண்டு. அவற்றை யாரிடமும் கடன் வாங்கவில்லை.

சரித்திரக் கதையில் ராஜா கத்தக் கூடாது. எங்கள் நாட்டுத் தலைவரான பட்டக்காரர் பஞ்சாயத்தில் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். மற்றவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு அவர் வாயைப் பார்ப்பார்கள். தன் சொல் நடக்காதோ என்று பயப்படுகிறவன்தான் கத்துவான். மாயக் கதையில் குதிரை பறந்தால் வாசிப்பவர் ஆச்சரியப்படக் கூடாது. ஆச்சரியம் எங்கள் பங்கு, அதை அவர் தின்னக் கூடாது. பஸ் வரும் நேரத்தைச் சொல்வது போல 'குதிரை பறந்தது' என்று சொல்லட்டும், நான் நம்புகிறேன். இழுத்து முழக்கினால் அவருக்கே நம்பிக்கை இல்லை என்று தெரிந்துவிடும். யாராவது சாகும்போதெல்லாம் அடியில் வீணையை ஓடவிடாதீர்கள். மூன்று இளவரசர்கள் பேசினால் மூன்றுக்கும் மூன்று தொண்டை வேண்டாம். ஒருவன் யோசித்துப் பேசட்டும், ஒருவன் முந்திக்கொண்டு பேசட்டும், காது பிரித்துக்கொள்ளும். படிக்கிறவன் பக்கத்தைப் பின்னால் புரட்டிப் பார்க்கலாம். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவனால் அது முடியாது.

இன்னொன்று. எங்கள் ஊரில் கதை சொல்கிறவருக்கு எதிரில் 'ம்' கொட்ட ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். 'ம்' நின்றால் கதை நிற்கும். தூங்கிவிட்டாயா, நம்பவில்லையா என்று சொல்கிறவர் கேட்பார்; கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி சொல்வார். அடைத்த அறையில் மைக்கைப் பார்த்து வாசிப்பவருக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. அதனால் சிலர் தறிகெட்டு ஓடுகிறார்கள்.

அபிப்பிராயம் இருப்பதால் தவறு வராது என்றில்லை. என் முதல் பெரிய தவறு ஒரு நாகலோகக் கதை.

வாசித்தது ஒரு அம்மாள். அப்படி ஒரு குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. மிளகு உதிர்ப்பதை மறந்து உட்கார்ந்திருந்தேன். சீட்டில் தவறு எதுவும் எழுதாமல், குறுக்கே 'அருமை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கேசட் விற்பனைக்குப் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து, எங்கள் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி ஏற்ற வந்த லாரி டிரைவர் ஒருவர் அந்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். "கேட்டுச் சரிபார்த்தவர்னு போட்டிருக்குதே, அந்தம்மா ஊடு இதுதானுங்களா?"

அண்ணன் கையைக் காட்டுவதற்குள் நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"இருக்குதுங்க. ஆனா வெளிய வராதுங்க" என்றார் அண்ணன்.

"பரவால்லீங்க. கதவுகிட்டவே சொல்லிட்டுப் போறேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏனுங்க கதவு, இந்த நாகலோகத்தைச் சரின்னு சொன்னது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க" என்றேன் உள்ளிருந்து.

"அந்தம்மா குரல்ல தேனு ஊத்தறாங்க. எனக்குத் தேனு வேண்டாமுங்க, டீ வேணும். நாககன்னி தாலாட்டுப் பாடறா, பாம்பெல்லாம் தூங்குது, கூடவே நானும் தூங்கிட்டனுங்க. கண்ணைத் தொறந்தா முன்னால புளியமரம். கிளீனர் மட்டும் கத்தலைன்னா இன்னைக்குக் கதவுகூடப் பேச நான் இல்லீங்க."

கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க உக்காந்து கேட்டீங்க?" என்றார். குரலில் கோபம் இல்லை.

"இங்கதானுங்க. மொளகு உதுத்துக்கிட்டு."

"அதான். நீங்க தூங்கினா மொளகுதானுங்க சிந்தும். நாங்க கண்ணை ரோட்டுக்குக் குடுத்துட்டுக் காதை மட்டும் உங்ககிட்டக் குடுக்கறோம். பாத்துச் செய்யுங்க, சாமி."

போய்விட்டார். முகத்தை நான் பார்க்கவில்லை, பெயரும் தெரியாது. இந்தத் தொழிலில் எனக்கு யாராவது கற்றுக்கொடுத்தார்கள் என்றால் அவர்தான்.

அன்றே பாய்க்கு எழுதினேன்: "நாகலோகத்தை டிரைவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்." பாயின் பதில்: "அருமை என்று எழுதியது நீங்கள்." என் பதில்: "தப்பாக எழுதினேன்." பாய் அந்தக் கட்டின் மேல் 'வீட்டில் கேட்க மட்டும்' என்று ஒட்டிவிட்டார். என் கையெழுத்தை நானே அடித்தது அதுதான் முதல் தடவை. அடித்தால் மானம் போய்விடும் என்று பயந்தேன். ஒன்றும் போகவில்லை.

அதிலிருந்து எல்லாக் கேசட்டையும் இரண்டு தடவை கேட்டேன். ஒரு தடவை வீட்டில், இன்னொரு தடவை வண்டியில். எனக்குத் தெரிந்த வண்டி பஸ் ஒன்றுதான். காலை பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் கேசட்டைக் கொடுத்து டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டில் உட்கார்ந்துவிடுவேன். மலை இறங்கி சேந்தமங்கலம் போய்ச் சேர்வதற்குள் ஒரு கேசட் முடியும். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சீட்டையும் பையையும் கண்டக்டரிடமே கொடுத்துப் பாயின் கடைக்கு அனுப்பிவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். கடை அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும். போனதில்லை.

கண்டக்டருக்கு என்னைச் சீண்டாமல் இருக்க முடியாது. கேட்கும்போது பழக்கத்தில் எனக்கு 'ம்' வந்துவிடும். "ஏனுங்கக்கா, டேப்புக்கு எதுக்குங்க உம் கொட்டறீங்க? நீங்க நிறுத்துனாலும் அது நிக்காதுங்க" என்பார். பஸ்ஸே சிரிக்கும். எனக்குக் காது சூடாகும். அடுத்த வளைவில் மறுபடி 'ம்' வந்துவிடும்.

இரண்டாயிரத்து ஒன்று என்று நினைக்கிறேன், மலைக்கோட்டை முற்றுகைக் கதை வந்தது. ஒரு மலைக்கோட்டையைச் சமவெளி ராஜா முற்றுகையிடுகிறான். கோட்டைக்குப் பின்பக்கமாக ஏற ஒரு கள்ளப் பாதை உண்டு. அதை அறிந்த மலைக் காவல்காரன் பிடிபடுகிறான். பாதையைக் கேட்கிறார்கள். அவன் சொல்லவில்லை. ஏழாவது கேசட்டில் அவனைக் கொல்கிறார்கள். கதை முழுவதும் அந்த ஒருவன் வாயை மூடியதில்தான் நிற்கிறது.

வாசித்தவர் நாடக மேடையில் முப்பது வருஷம் ராஜா வேஷம் கட்டியவர். எல்லாரும் அவரை வாத்தியார் என்பார்கள். பாயின் கேசட்டுகளில் அவர் குரலுக்குத்தான் முதல் கிராக்கி. அவர் ராஜாவுக்கு ஒரு குரல், தளபதிக்கு ஒரு குரல் வைத்திருந்தார். மலைக் காவல்காரனுக்கு மூக்கால் பேசும் ஒரு குரல். வாயைக் கோணிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையின் வாலையும் இழுத்து, "பாதெ தெரியுமுங்கோவ்... சொல்ல மாட்டேனுங்கோவ்..." என்று வாசித்திருந்தார்.

இப்போது உண்மையைச் சொல்ல வேண்டும். வீட்டில் கேட்டபோது நான் சிரித்தேன். வாத்தியார் அவ்வளவு கெட்டிக்காரர். அந்த எண்ணுக்கு நேரே 'நல்ல நகைச்சுவை' என்று பென்சிலால் எழுதியும் வைத்தேன்.

மறுநாள் ஏழாவது கேசட்டைப் பஸ்ஸில் போட்டோம். பஸ்ஸும் சிரித்தது. மலைக்காரர்கள்தான் அதிகம் சிரித்தார்கள், காவல்காரன் செத்த பிறகும். அடுத்த நிறுத்தத்தில் ஒரு பெண் மூட்டையோடு ஏறினாள். என் வயது இருக்கும். "சேந்தமங்கலம் ஒண்ணு குடுங்க" என்றாள். பின் சீட்டிலிருந்து ஒருவன் மூக்கால் சொன்னான்: "சேந்தமங்கலம் ஒண்ணு குடுங்கோவ்..."

பஸ் மறுபடி சிரித்தது. அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டர், "எங்கீங்க?" என்று இன்னொரு தடவை கேட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரு விரலைக் காட்டினாள். இறங்கும் வரை அவள் யாரிடமும் பேசவில்லை.

அந்த விரலை எனக்குத் தெரியும். எட்டாவது வரை மலையில் படித்துவிட்டு, ஒன்பதாவதுக்குக் கீழே விடுதியில் சேர்ந்தேன். முதல் நாள் பெயர் கேட்டார்கள், சொன்னேன். வகுப்பு சிரித்தது. பெயரில் ஒன்றும் இல்லை, நான் சொன்ன விதத்துக்குச் சிரித்தார்கள். பிறகு இரண்டு வருஷம் வருகைப் பதிவுக்குக் கையை மட்டும்தான் தூக்கினேன். என் வாய் அங்கேதான் மூடியது.

எழுந்து போய் கேசட்டை நிறுத்தச் சொன்னேன். "நல்லாத்தானுங்கக்கா போகுது" என்றார் கண்டக்டர். நானே பட்டனை அழுத்தி எடுத்துவிட்டேன். 'நல்ல நகைச்சுவை' என்பதை அடித்துவிட்டு, பேனாவால் எழுதினேன்: "காவல்காரன் பேசும் இடம் எல்லாம் மறுபடி வாசிக்க வேண்டும். கையெழுத்து இல்லை."

அடுத்த பஸ்ஸிலேயே பாயின் சீட்டு வந்தது. "ஆயுத பூசைக்கு இன்னும் எட்டு நாள். டிரைவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அட்டை அச்சாகிவிட்டது. இந்த ஒரு தடவை விடுங்கள்."

"என் பெயரை அடித்துவிட்டு விடுங்கள்" என்று எழுதினேன்.

அதற்குப் பதில் சீட்டு வரவில்லை. கண்டக்டர்தான் வந்தார். "அக்கா, வாத்தியார் கடையில வந்து குதிக்கறாருங்க. அந்தப் பொண்ணு நேர்ல வந்து சொல்லட்டும்ங்கறாரு. பாய் மொகமே செத்துப் போச்சுங்க. நீங்க வரலைன்னா அப்படியே விட்டுருவாருங்க."

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. காலையில் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்தக் கடைக்கு அறுபது எழுபது அடிதான் இருக்கும். மூன்று வருஷமாக நடக்காத தூரம்.

பாயை அன்றுதான் முதல் தடவை சரியாகப் பார்த்தேன். மெல்லிய மனிதர், காதில் பென்சில். கடைக்குப் பின்னால் பதிவு அறை. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தது; நாமக்கல் பக்கம் அதற்கா பஞ்சம்? வாத்தியார் நாற்காலியில் சிம்மாசனம் போல உட்கார்ந்திருந்தார்.

"இதுதானா அந்தக் கையெழுத்து?" என்றார். "சொல்லும்மா. என் வாசிப்புல என்ன குத்தம்?"

பாய் என் சீட்டை விரித்தார். "நீங்களே மொதல்ல 'நல்ல நகைச்சுவை'ன்னு எழுதியிருக்கறீங்களேம்மா?"

"தப்புங்க. அடிச்சுட்டனுங்க."

"பஸ்ல உங்க ஊர்க்காரங்களே சிரிச்சாங்களாமே?"

"சிரிச்சாங்க, பாய். நானும் சிரிச்சனுங்க. ஆனா அவன் செத்தப்ப ஆரும் 'அய்யோ'ன்னு சொல்லலீங்க. அவன் செத்ததே ஆருக்கும் தெரியலீங்க."

வாத்தியார் கையை வீசினார். "மலைக்காரன் மலைக்காரன் மாதிரிதானே பேசணும்? அதுக்குப் பேருதான் தத்ரூபம்."

"நானும் மலைக்காரிதானுங்க. நான் அப்படியா பேசறேன்?"

"நீ எங்கம்மா பேசறே? மூணு வருஷமா சீட்டுதானே அனுப்பறே!"

பாய் சிரித்துவிட்டார். கண்டக்டரும் வாசலில் நின்று சிரித்தார். நல்ல அடிதான், ஒப்புக்கொள்கிறேன். வேறு நாளாக இருந்தால் அடுத்த பஸ் ஏறியிருப்பேன். அன்று கால் நகரவில்லை.

"ஏன் பேசறதில்லைன்னு கேளுங்க" என்றேன். "இந்த மாதிரி ஒரு குரலைக் கேட்டுத்தானுங்க நிறுத்துனேன். பஸ்ல இன்னொருத்தி நிறுத்துனாள். இந்தக் கேசட்டு ஊரெல்லாம் ஓடுச்சுன்னா இன்னும் எத்தனை பேரு நிறுத்துவாங்களோ. புத்தகத்தைப் பாருங்க. 'பாதை தெரியும். சொல்ல மாட்டேன்.' அவ்வளவுதானுங்க இருக்குது. ராஜா பேசற அதே தமிழ்தான். கழுத்துல கத்தியை வெச்சிருக்கிறவனுக்கு அவன் எதுக்குங்க மரியாதை போட்டுப் பேசோணும்?"

வாத்தியார் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பாய் மெதுவாகச் சொன்னார்: "ஒருக்கா அப்படிப் படிச்சுத்தான் பாருங்களே, வாத்தியாரே."

"யாருக்குப் படிக்கறது? இந்த முட்டை அட்டைக்கா? இத்தனை பேசினாளே, இவளே எதிர்ல உக்காரட்டும்."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். பாய் டேப்பை ஓடவிட்டார். வாத்தியார் முந்தின பக்கத்திலிருந்து தொடங்கினார். கோட்டை அடிவாரம், தீவட்டிகள், கட்டி இழுத்து வரப்படும் காவல்காரன். எனக்கு 'ம்' வந்துவிட்டது. மேடைக்காரர் அல்லவா, அது காதில் விழுந்ததும் அவர் முதுகு நிமிர்ந்தது. அடுத்த வரிக்கு இன்னொரு 'ம்'. தளபதி பாதையைக் கேட்டான். வாத்தியார் என்னைப் பார்த்துக்கொண்டே, வேண்டுமென்றே, மூக்கால் சொன்னார்: "பாதெ தெரியுமுங்கோவ்..."

நான் 'ம்' சொல்லவில்லை.

அவர் நின்றார். அரைக்கணம் பார்த்தார். மறுபடி தளபதியின் கேள்வியிலிருந்து எடுத்தார். இந்த முறை மூக்கைக் குறைத்து, தொண்டையை உருட்டி, வீரனைப் போல முழங்கினார். அதற்கும் நான் 'ம்' சொல்லவில்லை.

"கல்லு மாதிரி உக்காந்திருக்காளே, பாய்!" என்றார். "உம் கொட்ட மாட்டியா?"

"கேக்கற மாதிரி இருந்தா கொட்டறனுங்க."

கடைக்கு வெளியே ஒரு பஸ் கிளம்பிப் போனது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மூன்றாவது முறை தளபதியின் கேள்வியை வாசித்துவிட்டு, எந்தக் குரலும் போடாமல், தன் சொந்தக் குரலில், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"பாதை தெரியும். சொல்ல மாட்டேன்."

எனக்குத் தெரியாமலே வந்தது: "ம்."

வாத்தியார் நிற்காமல் வாசித்துக்கொண்டே போனார். காவல்காரன் சாகும் வரை போனார். வாசலில் நின்ற கண்டக்டர், "அய்யோ" என்றார். அது டேப்பில் விழவில்லை; விழுந்திருந்தால் அதையும் அழிக்கவிட மாட்டேன்.

முடித்ததும் வாத்தியார் புத்தகத்தை டேபிளில் போட்டார். "இது மேடையில கைத்தட்டு வாங்காது" என்றார். என்னைப் பார்க்காமல் பாயிடம், "இவன் பேசற மத்த இடத்தையும் இன்னைக்கே படிச்சுடறேன். அடுத்த கதைக்கும் இந்தச் சனியனைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார். அவர் எனக்குக் கொடுத்த பட்டங்களில் இன்றைக்கும் எனக்குப் பிடித்தது அதுதான்.

பாய் டேப்பைப் பின்னால் ஓட்டிக் கேட்டார். முந்தின பக்கத்துக்குப் பழைய வாசிப்பே போதும், அதனால் அந்த 'ம்'கள் தானாகவே போய்விட்டன. கடைசி 'ம்' மட்டும், அந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில், தெளிவாக விழுந்திருந்தது.

"உங்க 'ம்' உள்ள வந்திருச்சுங்களே. அழிச்சரட்டுங்களா?"

மூன்று வருஷம் ஊரார் இருமலையும் தும்மலையும் எண் போட்டு அழிக்கச் சொன்னவள் நான். விதிப்படி அதுவும் அழிய வேண்டும். ஆனால் அதை எடுத்துவிட்டால் அந்த மலைக்காரன் மறுபடியும் எதிரியிடம் மட்டும்தான் பேசியவன் ஆகிவிடுவான். அவன் பேசியதை அவன் ஊர்க்காரி ஒருத்தி கேட்டாள் என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

பாயின் காதிலிருந்த பென்சிலை நானே எடுத்துக்கொண்டேன். கேட்புச் சீட்டில் 'தவறு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். 'வெளிச் சத்தம்' என்ற கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

கேசட் ஆயுத பூசைக்கு வெளிவந்தது. அந்த 'ம்'-மைப் பற்றி ஒரு டிரைவரும் புகார் சொல்லவில்லை.

உங்கள் பட்டியலை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் பேனாவால் எழுதியிருக்கிறேன்: வெளிச் சத்தம் இல்லை.